மும்முனை மோட்டாரை வீட்டு மின்சாரத்தில் ஓட்டுவது எப்படி

பழைய இயந்திரம் விற்கும் கடைகளில் துளையிடும் இயந்திரமோ சிறிய லேத்தோ தேடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். இயந்திரம் நல்ல நிலையில் இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் அதில் பூட்டியிருக்கும் மோட்டார் மும்முனை மின்சாரத்தில் ஓடுவதற்கென்று செய்யப்பட்டிருக்கும், வாங்கியவரின் வீட்டிலோ பட்டறையிலோ ஒருமுனை இணைப்பு மட்டுமே இருக்கும். மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒருமுனை மோட்டார் ஒன்றை வாங்கி மாட்டிவிடுங்கள் என்றுதான் பலரும் யோசனை சொல்வார்கள். இரண்டு குதிரைத்திறன் வரையிலான மோட்டார் என்றால் அந்தச் செலவு பெரும்பாலும் தேவையற்றது. மும்முனை மோட்டாருக்குள் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் போன்ற தேயும் உறுப்பு எதுவும் இல்லை, பேரிங்கைத் தவிர அதில் பழுதாகக்கூடியது மிகக் குறைவு, சுழற்சியில் அதிர்வும் குறைவு. லேத்தில் ஒருமுனை மோட்டாரைப் பூட்டினால் அதன் துடிப்பு சில நேரங்களில் கடைந்த பரப்பிலேயே வரிவரியாகத் தெரியும். ஆகவே இருக்கும் மோட்டாரைக் காப்பாற்றி ஓட்டுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஒருமுனை மின்சாரத்தை வாங்கி மும்முனையாக மாற்றித் தரும் விஎஃப்டி டிரைவ் ஒன்றைப் பொருத்துவது முதல் வழி. கெப்பாசிட்டரை வைத்து மூன்றாம் முனையை ஏறத்தாழ உண்டாக்குவது இரண்டாம் வழி. வேறொரு மும்முனை மோட்டாரை வெறுமனே ஓடவிட்டு அதன் மூலம் மூன்றாம் முனையைப் பெறுவது மூன்றாம் வழி. எதைத் தேர்ந்தாலும் அதற்கு முன் மோட்டாரின் இணைப்பை 230 வோல்ட்டுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு டிரைவையும் கெப்பாசிட்டரையும் குறை சொல்கிறவர்கள் அதிகம் என்பதால் முதலில் அதைப் பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே சொல்லப்படும் வேலைகள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் பாயும் இடங்களில் நடப்பவை. மெயின் சுவிட்சை அணைத்து, இணைப்பு முற்றிலும் துண்டிக்கப்பட்டிருப்பதை டெஸ்ட் லாம்ப்பாலோ மீட்டராலோ உறுதி செய்துகொண்ட பிறகே டெர்மினல் பெட்டியைத் திறக்க வேண்டும். வீட்டு வயரிங் வேலையில் பழக்கமில்லாதவர்கள் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது அவசியம்.

ஒருமுனையில் ஏன் கிளம்புவதில்லை

மும்முனை மின்சாரத்தில் மூன்று முனைகளின் மின்னழுத்தமும் ஒன்றுக்கொன்று 120 பாகை தள்ளி ஏறி இறங்குகின்றன. ஸ்டேட்டரில், அதாவது மோட்டாரின் அசையாத வெளிப்பகுதியில் உள்ள மூன்று சுருள்களும் அதே வரிசையில் வலுப்பெறுவதால் உள்ளே ஒரு சுழலும் காந்தப்புலம் பிறக்கிறது, ரோட்டார் எனும் சுழலும் உட்பகுதி அதைப் பின்தொடர்ந்து ஓடுகிறது. ஒருமுனை மட்டும் கொடுத்தால் புலம் சுழல்வதில்லை. ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாகத் துடிக்கிறது. அதனால் ரோட்டாருக்கு இரு திசைகளிலும் சமமான இழுவை கிடைத்து, மோட்டார் நின்ற இடத்திலேயே உறுமுகிறது. வெளியிலிருந்து ஒரு திசையில் சுற்றிவிட்டால் அந்தத் திசையில் ஓடத் தொடங்கும் என்பது உண்மைதான் என்றாலும், அப்போது சுமையின் பெரும்பகுதியைச் சில சுருள்கள் மட்டுமே சுமப்பதால் அவை அளவுக்கு மேல் சூடேறும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு முனை போய்விட்ட பம்புசெட் மோட்டார் கருகிப்போவதும் இதே காரணத்தால்தான். எனவே மூன்றாம் முனைக்கு, நேரத்தால் தள்ளி வரும் ஒரு மின்னழுத்தத்தை எப்படியாவது கொடுக்க வேண்டும்.

நேம்பிளேட்டும் டெர்மினல் பெட்டியும்

மோட்டாரின் நேம்பிளேட்டில் முதலில் பார்க்க வேண்டியவை வோல்ட், ஸ்டார் அல்லது டெல்டா என்ற குறி, ஆம்பியர், கிலோவாட் ஆகிய நான்கும். மூன்று சுருள்களின் முடிவுகளையும் ஒரே புள்ளியில் சேர்ப்பது ஸ்டார்; ஒன்றன் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு சேர்த்து வளையமாக்குவது டெல்டா. இந்தியாவில் தயாரிக்கப்படும் மோட்டார்களில் 1.5 கிலோவாட், அதாவது 2 குதிரைத்திறன் வரையுள்ளவை பெரும்பாலும் 415 வோல்ட் ஸ்டார் இணைப்பிலும், 2.2 கிலோவாட் முதல் மேலே உள்ளவை 415 வோல்ட் டெல்டா இணைப்பிலும் வருகின்றன. இந்த வழக்கம்தான் சிறிய மோட்டார்களுக்கு வசதியாக அமைந்திருக்கிறது. ஸ்டார் இணைப்பில் இரு முனைகளுக்கு இடையே 415 வோல்ட் இருந்தாலும், ஒவ்வொரு சுருளுக்கும் கிடைப்பது அதை 1.732 ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 240 வோல்ட் மட்டுமே. அதே சுருள்களை டெல்டாவாக மாற்றி இணைத்துவிட்டால் 230 அல்லது 240 வோல்ட்டில் அந்த மோட்டார் தன் முழுத் திறனையும் தரும். வெளிநாட்டு இயந்திரங்களில் வரும் மோட்டார்களில் டெல்டா 220, ஸ்டார் 380 என்றோ, டெல்டா 230, ஸ்டார் 400 என்றோ இரண்டு அளவுகளும் அச்சிடப்பட்டிருக்கும், அவையும் ஏற்றவையே. டெல்டா 400, ஸ்டார் 690 என்றிருந்தால் அது இந்த வேலைக்குப் பொருந்தாது. இரண்டு வேகங்களில் ஓடக்கூடிய மோட்டார்களின் சுருள் அமைப்பே வேறு என்பதால் அவற்றையும் இப்படி மாற்ற இயலாது.

டெர்மினல் பெட்டியைத் திறந்தால் ஆறு போல்ட்டுகள் இருக்கலாம். மேல் வரிசையில் யூ1, வி1, டபிள்யூ1 என்றும், கீழ் வரிசையில் டபிள்யூ2, யூ2, வி2 என்றும் அமைந்திருப்பது வழக்கம். மூன்று போல்ட்டுகளைக் குறுக்காகப் பித்தளை லிங்க்குகள் இணைத்திருந்தால் அது ஸ்டார். அந்த லிங்க்குகளைக் கழற்றி, மேலிருந்து கீழாக யூ1 உடன் டபிள்யூ2, வி1 உடன் யூ2, டபிள்யூ1 உடன் வி2 என்று மூன்று இணைகளாகச் செங்குத்தாகப் போட்டால் டெல்டா. மின்சாரம் வரும் வயர்கள் யூ1, வி1, டபிள்யூ1 ஆகியவற்றிலேயே இருக்கலாம். நட்டுகளை நன்றாக இறுக்குங்கள். தளர்ந்த இணைப்பு சூடேறி மோட்டாருக்கு முன் பெட்டியே கருகும்.

இணைப்பு மாறியதும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் மாறும். நேம்பிளேட்டில் ஸ்டாருக்கு 1.8 ஆம்பியர் என்று போட்டிருந்தால், டெல்டாவில் அதை 1.732 ஆல் பெருக்கிக் கிடைக்கும் 3.1 ஆம்பியர்தான் அந்த மோட்டாரின் முழுச்சுமை மின்னோட்டம். ஒரு குதிரைத்திறன் மோட்டாரில் பொதுவாகக் காணக்கூடிய அளவு இது. பின்னால் செய்யும் எல்லா அமைப்புகளுக்கும் இந்த எண்ணே அடிப்படை என்பதால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பல சிறிய மோட்டார்களில் ஆறு முனைகள் வெளியே வருவதில்லை. ஸ்டார் புள்ளியை உள்ளேயே சேர்த்துக் கட்டிவிட்டு மூன்று வயர்களை மட்டும் வெளியே விட்டிருப்பார்கள். அப்படியானால் மூடியையும் உடலையும் ஒரு கோடு போட்டு அடையாளம் செய்துகொண்டு பின்மூடியைக் கழற்றி, சுருளின் தலைப்பகுதியில் நூலால் கட்டப்பட்டிருக்கும் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். மூன்று கம்பிகள் ஒன்றாகச் சேர்ந்து ஸ்லீவுக்குள் முடிந்திருக்கும் இடம்தான் ஸ்டார் புள்ளி. அதைப் பிரித்து, மூன்று முனைகளிலும் வெப்பம் தாங்கும் வயரைப் பற்றவைத்து, தனித்தனியே ஸ்லீவ் போட்டு, மறுபடி நூலால் கட்டி வார்னிஷ் பூசி வெளியே கொண்டுவர வேண்டும். ரீவைண்டிங் கடையில் இதைச் சிறிய வேலையாகவே செய்து தருவார்கள். மோட்டாரின் உட்புறத்தில் கைபழகாதவர்கள் அங்கே கொடுத்துவிடுவதே நல்லது, ஏனென்றால் பழைய வார்னிஷ் ஏறிய சுருளை வலிந்து இழுத்தால் கம்பியின் பூச்சு உரிந்து எங்கோ ஓரிடத்தில் ஷார்ட் ஆகிவிடும்.

இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. ஏற்கனவே வெளியே வந்திருந்த மூன்று வயர்களும் சுருள்களின் தொடக்கங்கள் என்றால், ஸ்டார் புள்ளியிலிருந்து பிரிந்த மூன்றும் கட்டாயம் முடிவுகளாகத்தான் இருக்கும். மீட்டரில் தொடர்ச்சி பார்த்து எந்தத் தொடக்கத்துக்கு எந்த முடிவு என்று இணை சேர்த்தாலே போதும். முதல் சுருளின் முடிவை இரண்டாவதன் தொடக்கத்தோடும், இரண்டாவதன் முடிவை மூன்றாவதன் தொடக்கத்தோடும், மூன்றாவதன் முடிவை முதலாவதன் தொடக்கத்தோடும் சேர்த்தால் டெல்டா முடிந்துவிடும்.

குறியே இல்லாமல் ஆறு வயர்கள் தொங்கும் மோட்டாரில்தான் தொடக்கத்தையும் முடிவையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். முதலில் தொடர்ச்சி பார்த்து மூன்று இணைகளைப் பிரியுங்கள். ஏதாவது ஒரு சுருளின் ஒரு முனையை இரண்டாவது சுருளின் ஒரு முனையோடு சேர்த்து, மிஞ்சியிருக்கும் இரு முனைகளுக்கும் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றிலிருந்து ஏசி மின்சாரத்தைச் சில விநாடிகள் கொடுத்து, மூன்றாவது சுருளில் எவ்வளவு வோல்ட் வருகிறது என்று பாருங்கள். அங்கே தெளிவாக அளவு காட்டினால் நீங்கள் சேர்த்தது ஒன்றின் முடிவும் மற்றதன் தொடக்கமும் ஆகும். ஏறத்தாழ பூஜ்யம் காட்டினால் இரண்டு முடிவுகளையோ இரண்டு தொடக்கங்களையோ சேர்த்திருக்கிறீர்கள். முதல் இரண்டையும் குறித்துவிட்டு, மூன்றாவதை அவற்றில் ஒன்றோடு சேர்த்து இதே சோதனையைச் செய்தால் ஆறு முனைகளும் தெரிந்துவிடும். ஒரு சுருள் தலைகீழாக மாட்டப்பட்டால் மோட்டார் கடுமையாக உறுமி, பெருமளவு மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும் என்பதால் இதை ஊகத்துக்கு விடக்கூடாது.

இணைப்பை முடித்த பிறகு, 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) கிடைத்தால் சுருளுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே இன்சுலேஷனைச் சோதியுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டும் மோட்டாரை ஓட்டக்கூடாது. நீண்ட நாள் ஈரத்தில் கிடந்த மோட்டார் உலர்ந்த பிறகு தேறிவிடுவதும் உண்டு, தேறாவிட்டால் ரீவைண்டிங்தான் வழி. டிரைவோ ஓவர்லோடு ரிலேயோ (சுமை மீறினால் மோட்டாரை நிறுத்தும் உறுப்பு) இணைத்திருக்கும்போது மெக்கரைப் பயன்படுத்தாதீர்கள். மோட்டாரைத் தனியே பிரித்தே சோதிக்க வேண்டும்.

விஎஃப்டி டிரைவ்

இன்றைய நிலையில் ஒற்றை இயந்திரம் ஒன்றை ஓட்டுவதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது டிரைவைத்தான். ஒருமுனை 230 வோல்ட்டை வாங்கி, அதை உள்ளே சுமார் 325 வோல்ட் டிசியாக மாற்றி, பிறகு மூன்று முனைகளாகச் சமமாகப் பிரித்துத் தருவது அதன் வேலை. மூன்று சுருள்களுக்கும் ஒரே அளவு கிடைப்பதால் மோட்டார் தன் முழுத் திறனில், மும்முனை மின்சாரத்தில் ஓடுவதைப் போலவே ஓடும். மெதுவாகக் கிளம்புவது, திசை மாற்றுவது, வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, சுமை மீறினால் நின்றுவிடுவது ஆகிய அனைத்தும் அதிலேயே அடங்கும்.

வாங்கும்போது உள்ளீடு ஒருமுனை 220 அல்லது 230 வோல்ட், வெளியீடு மும்முனை 220 அல்லது 230 வோல்ட் என்று எழுதியிருப்பதைக் கவனித்து வாங்க வேண்டும். மும்முனை 415 வோல்ட் உள்ளீட்டு டிரைவ் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டால் அது வீட்டு மின்சாரத்தில் ஓடாது. 0.75, 1.5, 2.2 கிலோவாட் என்ற அளவுகளில் இவை வருகின்றன. மோட்டாரின் டெல்டா மின்னோட்டத்தை விட டிரைவின் வெளியீட்டு ஆம்பியர் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதே தேர்வுக்கான விதி. கிலோவாட் கணக்கு அதற்குப் பிறகுதான்.

உள்ளீட்டுப் பக்கத்தில் மின்னோட்டம் பலரும் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருக்கும். 0.75 கிலோவாட் டிரைவ் முழுச்சுமையில் 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கலாம், 1.5 கிலோவாட் டிரைவ் வீட்டின் 15 ஆம்பியர் பிளக் தாங்கும் எல்லையை எட்டிவிடும். எனவே மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயர், தனி எம்சிபி (மின்னோட்டம் மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), சரியான எர்த் ஆகியவற்றோடு டிரைவுக்கென்றே ஒரு லைன் இழுத்துக்கொள்ள வேண்டும். எம்சிபியின் அளவை டிரைவோடு வரும் கையேட்டில் உள்ளபடி வைக்கவும். டிரைவுக்குள் இருக்கும் வடிகட்டிகள் எர்த் வழியாகச் சிறிதளவு கசிவை உண்டாக்குவதால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) சில வீடுகளில் காரணமின்றி விழும். அதற்காக ஆர்சிசிபியையே கழற்றிவிடுவதும் எர்த்தைப் பிரித்துவிடுவதும் உயிரோடு விளையாடுவதாகும். டிரைவுகளோடு பயன்படுத்துவதற்கென்று உள்ள வகை ஆர்சிசிபியை அந்தத் தனி லைனில் பொருத்துவதே முறையான தீர்வு.

டிரைவிலிருந்து வரும் மூன்று வயர்களும் நேராக மோட்டாருக்குச் செல்ல வேண்டும். இடையில் சுவிட்ச், காண்டாக்டர் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்), கெப்பாசிட்டர் எதுவும் இருக்கக்கூடாது. ஓடும்போது வெளியீட்டுப் பக்கத்தைத் துண்டித்தால் டிரைவின் உள்ளுறுப்புகள் பழுதாகலாம். ஆகவே இயந்திரத்தில் ஏற்கனவே உள்ள முன்னோக்கி, பின்னோக்கி சுவிட்சை மோட்டார் வழியிலிருந்து பிரித்து, டிரைவின் கட்டுப்பாட்டு டெர்மினல்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் பழைய கைப்பிடியையே பயன்படுத்தலாம். மோட்டார் வயரை இயன்றவரை குட்டையாக வையுங்கள்.

அமைப்புகளில் அவசியமானவை சிலவே. மோட்டாரின் வோல்ட் 230, அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், மின்னோட்டம் நாம் முன்பு கணக்கிட்ட டெல்டா அளவு, வேகம் நேம்பிளேட்டில் உள்ளபடி. மின்னோட்டத்துக்கு நேம்பிளேட்டின் ஸ்டார் அளவை அப்படியே போட்டுவிட்டால் பாதிச் சுமையைத் தாண்டியதுமே டிரைவ் நின்றுவிடும். டிரைவில் ஏற்கனவே பதிந்திருக்கும் பெரிய மின்னோட்ட அளவை மாற்றாமல் விட்டுவிட்டால் மோட்டாருக்குப் பாதுகாப்பே இருக்காது. கிளம்பும் நேரத்தை 3 முதல் 5 விநாடி என்றும், நிற்கும் நேரத்தை அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் வைத்தால் பெரும்பாலான சிறு இயந்திரங்களுக்குப் பொருந்தும். குறைந்தபட்ச வேகத்தை 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாமல் தடுத்து வையுங்கள், ஏனெனில் மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே தண்டில் இருப்பதால் வேகம் குறையும்போது காற்றும் குறைந்துவிடுகிறது. 25 ஹெர்ட்ஸில் ஓடும் மோட்டார் தன் முறுக்குவிசையைத் தந்தாலும் திறனில் பாதியைத்தான் தரும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எனவே லேத்தில் கனமாகக் கடைய வேண்டிய இடத்தில் பெல்ட்டையோ கியரையோ மாற்றி வேகத்தைக் குறைப்பதே சரி. டிரைவின் குமிழை வேகத்தை நுணுக்கமாகச் சரிசெய்வதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லேத் வைத்திருப்பவர்கள் இரண்டு ஆபத்துகளை முன்கூட்டியே தவிர்க்க வேண்டும். பழைய லேத்துகளில் சக் (கடைய வேண்டிய பொருளைப் பிடிக்கும் உறுப்பு) திருகுமரையால் பூட்டப்பட்டிருந்தால், திடீரென்று நிறுத்தும்போதோ பின்னோக்கிச் சுற்றும்போதோ அது கழன்று பறக்கக்கூடும். நிற்கும் நேரத்தை நீட்டி, பின்னோக்கு ஓட்டத்தை டிரைவின் அமைப்பிலேயே முடக்கிவிடுங்கள். இரண்டாவது, மின்வெட்டு. ஓடு என்ற நிலையில் விட்ட சுவிட்ச் அப்படியே இருக்க மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், சில டிரைவுகள் மோட்டாரைத் தாமாகவே கிளப்பிவிடும். சக்கில் கையை வைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அதனால் நேரக்கூடியதை விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் வந்தாலும் பொத்தானை மறுபடி அழுத்தினால் மட்டுமே ஓடும்படியான ஸ்டார்ட், ஸ்டாப் பொத்தான் முறைக்கு டிரைவை அமைத்து, மின்சாரத்தைப் போட்டு எடுத்துச் சோதித்துப் பார்த்த பிறகே இயந்திரத்தை வேலைக்கு விட வேண்டும்.

டிரைவை இரும்புத்தூளும் மரத்தூளும் படாத, காற்றோட்டமுள்ள பெட்டியில் சுவரில் பொருத்துங்கள். அணைத்த பிறகும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால் அதன் மேல் அச்சிட்டிருக்கும் நேரம், பொதுவாக 5 முதல் 10 நிமிடம், காத்திருந்தே மூடியைத் திறக்க வேண்டும். இயந்திரத்தில் பழைய காண்டாக்டர்கள் இருந்தால் அவற்றை இழுக்கும் காயில் (காந்தச் சுருள்) 415 வோல்ட்டுக்கானதா என்று பாருங்கள். அப்படியானால் 230 வோல்ட் காயிலாக மாற்றாமல் அவை இழுக்காது.

கெப்பாசிட்டர் முறை

செலவு குறைவாக இருக்க வேண்டும், வேகம் மாற்றத் தேவையில்லை, சுமையும் ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும் என்றால் கெப்பாசிட்டரே போதும். துளையிடும் இயந்திரம், காற்று விசிறி, சாணைக்கல், பஃபிங் இயந்திரம் போன்றவை இதற்கு ஏற்றவை. சுமையோடு கிளம்ப வேண்டிய கம்ப்ரஸர், மாவு அரைக்கும் இயந்திரம் போன்றவற்றுக்கு இது ஏற்றதல்ல. இந்த முறையில் மோட்டார் தன் திறனில் சுமார் 70 முதல் 80 சதவீதம் வரைதான் தரும். ஒரு குதிரைத்திறன் மோட்டாரை முக்கால் குதிரைத்திறனாகவே கருதிப் பயன்படுத்த வேண்டும்.

டெல்டாவாக மாற்றிய மோட்டாரின் யூ1 முனைக்கு ஃபேஸையும் வி1 முனைக்கு நியூட்ரலையும் கொடுத்து, மிஞ்சிய டபிள்யூ1 முனைக்கும் மற்ற இரண்டில் ஒன்றுக்கும் இடையே, மோட்டார் ஓடும் நேரமெல்லாம் இணைந்திருக்கும் ஓட்டக் கெப்பாசிட்டரை இணைக்க வேண்டும். கெப்பாசிட்டரின் மறுமுனை வி1இல் இருந்தால் ஒரு திசையிலும், யூ1இல் இருந்தால் எதிர்த்திசையிலும் மோட்டார் சுற்றும். அதன் அளவுக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஒரு கிலோவாட்டுக்கு 70 மைக்ரோஃபாரட் என்பது தொடக்கக் கணக்கு. அதன்படி அரை குதிரைத்திறனுக்கு 25, ஒரு குதிரைத்திறனுக்கு 50, ஒன்றரைக்கு 75, இரண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் அளவில் வரும். ஆழ்துளைக் கிணற்றுப் பம்புகளின் பேனல்களுக்காக விற்கப்படும் 36, 50, 72 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களே இதற்கும் பொருந்தும். தேவைப்பட்டால் இரண்டைப் பக்கவாட்டில், அதாவது இணையாக (பேரலல்) சேர்த்து அளவைக் கூட்டிக்கொள்ளலாம். மின்னழுத்தம் 440 வோல்ட் ஏசி என்றிருக்க வேண்டும், ஏனெனில் சுமை குறைவாக இருக்கும்போது கெப்பாசிட்டரின் குறுக்கே உள்ள மின்னழுத்தம் வீட்டு மின்சாரத்தைவிட உயர்ந்துவிடும்.

ஓட்டக் கெப்பாசிட்டர் மட்டும் இருந்தால் கிளம்பும் விசை மிகக் குறைவு. பெல்ட்டைத் தளர்த்தி விட்டால் கிளம்பும், பெல்ட்டோடு உறுமும். அதற்காக ஓட்டக் கெப்பாசிட்டரைப் போல இரண்டு மடங்கு அளவுள்ள தொடக்கக் கெப்பாசிட்டர் ஒன்றை, அழுத்தியிருக்கும்வரை மட்டும் இணையும் ஸ்பிரிங் பொத்தான் வழியாக அதற்குப் பக்கவாட்டில் சேர்க்க வேண்டும். மோட்டார் வேகம் பிடித்ததும், அதாவது ஓரிரு விநாடிகளில், பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். ஒருமுனை சப்மெர்சிபிள் பம்பின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருப்பதும் இதே ஏற்பாடுதான், எனவே அளவு பொருந்தும் பழைய பெட்டி ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்துவிட்டது. தொடக்கக் கெப்பாசிட்டர் என்பது சில விநாடிகள் மட்டும் தாங்கும் எலக்ட்ரோலைட்டிக் வகை. அதை ஓட்டக் கெப்பாசிட்டராக விட்டுவைத்தால் சூடேறி வெடிக்கும். இரண்டு வகையின் குறுக்கேயும் 15 கிலோஓம் அளவிலான, 10 வாட்டாவது தாங்கும் மின்தடை ஒன்றைப் பொருத்திவிட்டால், அணைத்த பிறகு அவற்றில் தங்கும் மின்னேற்றம் வடிந்துவிடும்.

இனி வருவதுதான் இந்த முறையின் உயிர்நாடி, பெரும்பாலோர் செய்யாமல் விடுவதும் இதையே. 70 மைக்ரோஃபாரட் என்பது தொடக்கம் மட்டுமே. சரியான அளவை உங்கள் இயந்திரத்தின் சுமைதான் தீர்மானிக்கும். முழுச்சுமைக்கு ஏற்ற கெப்பாசிட்டரோடு மோட்டாரை வெறுமனே ஓடவிட்டால், டபிள்யூ முனையோடு சேர்ந்த சுருள்களில் மின்னழுத்தம் ஏறி, சுமை இல்லாமலே அவை சூடாகும். வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது, கெப்பாசிட்டர் சேரும் இடத்தைத் தாண்டி மோட்டாருக்குள் செல்லும் மூன்று வயர்களையும் டாங் டெஸ்டரால் (வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் மீட்டர்) தனித்தனியே அளந்து பாருங்கள். மூன்றும் டெல்டா மின்னோட்டத்துக்குள், நம் எடுத்துக்காட்டில் 3.1 ஆம்பியருக்குள், இருக்க வேண்டும். டபிள்யூ வயரில் மட்டும் அதிகமாக இருந்தால் கெப்பாசிட்டரைக் குறையுங்கள். ஃபேஸ் வயரில் அதிகமாகவும் டபிள்யூ வயரில் மிகக் குறைவாகவும் இருந்தால் கூட்டுங்கள். மூன்றும் துல்லியமாகச் சமமாவதற்கு வாய்ப்பு குறைவு, அதைத் தேடி அலைய வேண்டாம். பெரும்பாலான நேரம் குறைந்த சுமையில் ஓடும் துளையிடும் இயந்திரத்துக்குக் கணக்கில் வருவதைவிடச் சிறிய கெப்பாசிட்டரே நல்லது.

பாதுகாப்புக்கு இருமுனை எம்சிபியும், காண்டாக்டரோடு ஓவர்லோடு ரிலேயும் இருக்க வேண்டும். மூன்று வயர்களும் ரிலே வழியாகச் செல்லட்டும். முனை இழப்பை உணரும் ரிலேக்கள் மின்னோட்டம் சமமில்லாததால் சற்று முன்னதாகவே விழக்கூடும், அதற்கேற்பக் கெப்பாசிட்டரைச் சீராக்குவதுதான் வழி, ரிலேயைத் தவிர்ப்பதல்ல.

மற்ற நிலைமைகள்

ஒரே பட்டறையில் நான்கைந்து மும்முனை இயந்திரங்கள் இருந்து, அவற்றில் ஒன்றிரண்டை மட்டும் ஒரு நேரத்தில் ஓட்டுகிறவர்களுக்குச் சுழல் கன்வெர்ட்டர் பொருந்தும். இருக்கும் மோட்டார்களில் பெரியதைவிட ஒன்றரை மடங்கு பெரிய மும்முனை மோட்டார் ஒன்றை டெல்டாவாக்கி, கெப்பாசிட்டரால் கிளப்பிச் சுமையின்றி ஓடவிட்டால், அதன் மூன்றாம் முனையில் நேரத்தால் தள்ளிய மின்னழுத்தம் பிறக்கும். அந்த மூன்று முனைகளிலிருந்தும் மற்ற இயந்திரங்களுக்கு மின்சாரம் எடுக்கலாம். இடமும் இரைச்சலும் கூடுதல், வெறுமனே ஓடும்போதும் மின்சாரம் செலவாகும். ஓரிரு இயந்திரத்துக்காக இதைச் செய்வது வீண்.

மோட்டார் 3 குதிரைத்திறனாக, 415 வோல்ட் டெல்டாவாக இருந்தால் இணைப்பை மாற்றி 230 வோல்ட்டுக்குக் கொண்டுவர முடியாது. அப்படியே 230 வோல்ட் டிரைவில் ஓட்டினால், அதிர்வெண்ணுக்கு ஏற்ற விகிதத்தில் மின்னழுத்தம் 415 வரை போக வேண்டிய இடத்தில் 230உடன் நின்றுவிடுவதால், சுமார் 27 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே முழு முறுக்குவிசை கிடைக்கும். அதற்கு மேல் விசை குறைந்துகொண்டே போகும். அரை வேகம் போதும் என்கிற வேலைக்கு மோட்டாரின் வோல்ட்டை 415, அதிர்வெண்ணை 50 என்றே டிரைவில் பதிந்து இப்படி ஓட்டலாம். முழு வேகம் வேண்டுமானால் 230 வோல்ட்டுக்கு ரீவைண்டிங் செய்வதை விட, மின்வாரியத்தில் மும்முனை இணைப்புக்கு விண்ணப்பிப்பதே அந்த அளவில் அறிவார்ந்த செலவு. தொழிலுக்காக ஓட்டும் இயந்திரத்தை வீட்டுக் கட்டண இணைப்பில் ஓட்டக்கூடாது என்பதையும் அப்போதே கவனித்துக்கொள்ளலாம்.

கிராமங்களில் மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை மட்டும் இல்லாத நேரத்தில் பம்புசெட்டைக் கெப்பாசிட்டரால் ஓட்டும் வழக்கத்தை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே உயிரோடு இருக்கும் இரு முனைகளுக்கு இடையே 415 வோல்ட் இருப்பதால் மோட்டாரின் இணைப்பு மாறுவதில்லை; கெப்பாசிட்டர் கிலோவாட்டுக்கு 22 மைக்ரோஃபாரட் அளவே போதும், ஆனால் 440 வோல்ட் கெப்பாசிட்டர் அங்கே தாங்காது.

எந்த முறையில் செய்திருந்தாலும் முதல் ஓட்டத்தில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் திசையைப் பாருங்கள். பிறகு பெல்ட்டைப் போட்டு, அரை மணி நேரம் உண்மையான வேலையில் ஓட்டி, மின்னோட்டத்தை மறுபடி அளந்து, மோட்டார் உடலின் வெப்பத்தையும் பாருங்கள். வெப்பமானி 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் நிறுத்திவிட்டுச் சுமையையும் கெப்பாசிட்டரையும் மறுபடி பரிசோதிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், டெர்மினல் பெட்டி மூடியின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் அழியாத மையால் "டெல்டா, 230 வோல்ட் மட்டும்" என்று எழுதி, பழைய நேம்பிளேட்டின் 415 என்ற எண்ணின் மேல் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இயந்திரம் கைமாறிப் பின்னொரு நாளில் மும்முனை இணைப்புள்ள இடத்துக்குப் போகும்போது, நேம்பிளேட்டை மட்டும் நம்பி யாராவது 415 வோல்ட் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு சுருளுக்கும் 1.7 மடங்கு மின்னழுத்தம் ஏறி மோட்டார் சில நிமிடங்களில் கருகிவிடும். கழற்றிய லிங்க்குகளில் மிஞ்சியது ஏதேனும் இருந்தால் அதையும் பெட்டிக்குள்ளேயே கட்டி வையுங்கள்.